பாலம் தாண்டிய தேதி

"நவம்பர் முப்பதுன்னே போடும்மா," என்றார் வெர்லின் ஸ்ட்ரௌட்.

மேரனின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன.

நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் மேசையில் அவள் உட்கார ஆரம்பித்து ஆறு சனிக்கிழமை ஆகிறது. வருஷ நடுவில் ஓரிகனிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி இந்தக் கரைக்குக் குடிவந்தவர்கள் நாற்பது பேரையாவது பார்த்திருப்பாள். ஓரிகனில் இருந்த நாள்வரை அங்கே வரி. இந்தக் கரை வாஷிங்டன் மாநிலம், இங்கே சம்பளத்துக்கு வரியே கிடையாது.

அதனால் குடிவந்த தேதியை எல்லாரும் முன்னுக்குத்தான் இழுப்பார்கள். ஜூலையில் வந்தவருக்கு மே என்று ஞாபகம். மே மாதம் வந்தவர், அதற்கு முந்தின கிறிஸ்துமஸையே இங்கேதான் கொண்டாடினேன் என்று சத்தியம் செய்வார்.

தேதியைப் பின்னுக்குத் தள்ளும் மனிதரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"வீட்டுப் பத்திரத்துல மே பத்துன்னு இருக்கே சார். உங்க மனைவியோட லைசென்ஸும் மே மாசமே மாறியிருக்கு."

"அவ மே மாசம் வந்தா. நான் நவம்பர்ல வந்தேன்."

பாலம் தாண்ட இருபது நிமிஷம், இந்த மனுஷனுக்கு ஆறரை மாசம் ஆச்சு என்று முணுமுணுத்தாள் பக்கத்தில் இருந்த மனைவி நடீன். கணவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மேரன் பொறுமையாகவே விளக்கினாள். அவர் மெக்கானிக்காக வேலை பார்க்கும் பஸ் டிப்போ இந்தக் கரையில் இருக்கிறது. மே என்று போட்டால் அதற்குப் பிறகு வாங்கிய சம்பளம் எதையும் ஓரிகன் தொட முடியாது. பிடித்ததில் பாதிக்கு மேல் திரும்ப வரும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் மறுபடியும் நவம்பர் என்றார்.

சும்மா யாராவது அரசாங்கத்துக்கு அள்ளிக் கொடுப்பார்களா? மேரன் அவருடைய காகிதக் கட்டைப் புரட்டினாள். கிடைத்தது. ஓரிகன் கல்லூரி ஒன்றின் கட்டண ரசீது. மகள் பெயர் ஜோயெல்.

அப்படியா சங்கதி! அப்பா ஓரிகன்வாசி என்றால் மகளுக்கு உள்ளூர்க் கட்டணம். தினமும் அதே பாலத்தைத் தாண்டிப் படிக்கப் போகிற மேரனுக்கோ வெளிமாநிலக் கட்டணம், மூன்று மடங்கு. அதற்காக அவள் விடியற்காலை ஐந்து மணிக்குக் காபிக் கடையில் நிற்கிறாள். இங்கே ஒருத்தர் ஒரு தேதியை மாற்றிக் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்.

"பொய் எழுதிக் கொடுக்க நான் இங்க உட்காரல சார்," என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "பொண்ணுக்குக் கட்டணம் ஏறிடக் கூடாது. அதுக்காக அப்பா மட்டும் காகிதத்துல அந்தக் கரையிலேயே குடியிருக்கார். அதானே?"

அவருக்குக் கோபம் வரவில்லை. ரசீதை அவள் பக்கம் திருப்பி, தேதியின்மேல் விரலை வைத்தார். போன வருஷம் ஜனவரி. அதற்குப் பிறகு ஒரு ரசீதும் இல்லை.

"படிப்பை விட்டுட்டாம்மா."

மீதியை நடீன் சொன்னாள். மார்ச் மாதம் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. சொல்லக் கூடாத ஒரு வார்த்தையை இவர் சொல்லிவிட்டார். ஒரு பையோடு போனவள் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். இங்கே வீடு வாங்கியதே அவளுக்குத் தெரியாது. மே மாதம் சாமான்களோடு நடீன் வந்துவிட்டாள். இவர் மட்டும் ஒரு போர்வையையும் தலையணையையும் வைத்துக்கொண்டு ஓரிகன் கரையில் காலியாகிவிட்ட பழைய வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டார். பகலெல்லாம் இங்கே வேலை, சாயங்காலம் ஆனால் பாலம் தாண்டி அங்கே.

"அந்த வீட்டுச் சாவியை அவ எடுத்துட்டுத்தான் போயிருக்கா," என்றாள் நடீன். "எப்ப வந்து திறந்தாலும் உள்ள நான் இருக்கணும்னார். நானும் எவ்வளவோ கத்திப் பார்த்தேன்."

மேரனுக்கு முகம் சுட்டது. எது உன் வீடு, நாள் முடிந்தால் எங்கே திரும்புகிறாய் என்பதுதான் சட்டமும் கேட்கிற கேள்வி. கணவன் மனைவிக்குத் தனித்தனியாகத் தேதி போடப் படிவத்தில் இடமும் உண்டு. இந்த ஆறு வாரத்தில் அதற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

மனைவிக்கு மே பத்து என்று அடித்தாள். கணவருக்கு நவம்பர் முப்பது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. குரல் தானாகத் தணிந்தது.

"நவம்பர் கடைசியில கிளம்பி வந்துட்டீங்கன்னா... பொண்ணு வந்துட்டாளா சார்?"

வெர்லின் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. வீட்டுக்காரங்க கட்டடத்தை வித்துட்டாங்க. அன்னிக்குப் பூட்டை மாத்திட்டாங்க."