நாற்பத்தொன்றாவது மாணவி

பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் கல்லூரியின் சாதனை மாணவிகள் மொத்தம் நாற்பது பேர். கணினியில் இருக்கும் அந்தப் பட்டியலில் தினமும் அதே ஒரு பெயர் புதிதாகக் கூடியிருக்கும். அலுவலக எழுத்துவேலை பார்க்கும் கிராணி கௌசலா காலையில் வந்ததும் அதை அழித்துவிடுவாள்.

'தேன்மொழி ஏ/பி பிரகலாதன், நீதிபதி, பட்டம் பெற்ற ஆண்டு 2049.'

ஏ/பி என்றால் மகள். பிரகலாதன் கௌசலாவின் கணவன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளையில்லை. தேன்மொழி என்று மனசுக்குள் வைத்திருந்த பெயரை அவள் அவனிடம்கூடச் சொன்னதில்லை.

இன்று அழிக்க மனம் வரவில்லை. பேனா மூடியைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்வர் மார்க்கிரட் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"தேன்மொழியா? நல்லா ஞாபகம் இருக்கு லா. உன்ன மாதிரியேதான், எந்நேரமும் பேனா மூடியக் கடிச்சிக்கிட்டு இருப்பா."

கௌசலா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். அவள் பல் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில், சின்னஞ்சிறு பால்பல் தடம் ஒன்று ஈரம் காயாமல் இருந்தது.