நாலாவது மாடி வீடு

வாடகை வீட்டுக்காரர் சாமானையெல்லாம் தெருவில் தூக்கிப் போட்ட பிறகு, அலையாய் அலைந்து ஐயாதுரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசாங்கக் குடியிருப்பில் நாலாவது மாடி வீடு கிடைத்தது. மில்லில் அவனுக்கு லீவு தரவில்லை. மனைவி பரிபூரணமே காலையில் பிள்ளைகளோடு குடிபோய், ஜெபம் பண்ணிப் பால் காய்ச்சிவிட்டாள்.

சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். மூன்று மாடிதான் இருந்தது. மொட்டைமாடிச் சுவருக்கு மேல் வெறும் வானம். போன் போட்டான்.

“ஏட்டி, எந்தக் கட்டடம்?”

“இதான். உங்க தலைக்கு நேரா நிக்கேன். பிள்ளைக கை காட்டுதுக பாருங்க.”

அவன் மறுபடியும் பார்த்தான்.

“கிறிஸ்துமஸுக்கு எடுத்துத் தந்தீகள்ல, அந்த ரோஸ் சேலையக் காயப்போட்டிருக்கேன். சாயம் போகுது. செத்த தள்ளி நில்லுங்க.”

மேகமே இல்லாத வானத்திலிருந்து ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. துடைத்த விரல் ரோஸாக இருந்தது.