பின்னால் வந்த குட்டி

கரடிக்குட்டி எங்கள் படகின் பின்னால் நீந்தி வந்துகொண்டிருந்தது.

அது பின்னால் வருவதை முதலில் பார்த்தவர் கேப்டன் ஐலெர்ட். கத்திக் கூப்பிட்டார். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நான் ஈரக் கையோடு மேலே ஓடினேன்.

வெள்ளைத் தலை, கறுப்பு மூக்கு. இரண்டு வயதுகூட இருக்காது. தாயைக் காணோம்.

வடதுருவத்தை ஒட்டிய கோங் கார்ல் தீவுகளை ஐந்நூறு மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது. பனிக்கரடிகள் குட்டி போடும் இடம். காற்று அடங்கட்டும் என்று மூன்று நாள் அந்த எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். அன்று காலைதான் கிளம்பியிருந்தோம்.

"உன் சூப்புக்கு மனுஷனே வரமாட்டேங்கிறான் சிஸ்ஸல், இது வருது பாரு!" என்று சிரித்தார் ஐலெர்ட்.

வேகத்தைக் கூட்டினார். குட்டி விடவில்லை. நிறுத்தினார். நேராக வந்து படகின் பக்கவாட்டை நகத்தால் பிறாண்டியது.

அவர் சிரிப்பு நின்றது.

போனால் நடுக்கடல்வரை வரும். நின்றால் மேலே ஏறப் பார்க்கும். ஏறினால் சுட வேண்டியிருக்கும்.

படகைத் திருப்பி எல்லைவரை கொண்டுபோனார். குட்டியும் கூடவே வந்தது. அங்கிருந்து கரை கண்ணுக்குத் தெரிந்தது. அது கரைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மிரட்டுவதற்கு ஒரு வெடி போட்டார். முங்கி எழுந்து மறுபடி எங்களிடமே வந்தது.

வானொலித் தொடர்பில் கரையிலுள்ள அதிகாரிகளிடம் கேட்டார். கரைவரை கூட்டிப்போய் விட்டுவிடட்டுமா என்று கெஞ்சினார். நாற்பது வருடமாகக் கடலில் இருக்கும் மனிதர் கெஞ்சி நான் கேட்டதில்லை. எல்லைக்குள் போகக் கூடாது, உடனே விலகிச் செல்லுங்கள் என்று பதில் வந்தது.

முழு வேகத்தில் தெற்கே திருப்பினார். படகு கண்ணைவிட்டு மறைந்தால் அது திரும்பிவிடும் என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

நான் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை ஒரு புள்ளியாகச் சிறுத்தது. புள்ளி எங்கள் திசையிலேயே வந்துகொண்டிருந்தது. பிறகு மூடுபனி.

ஐலெர்ட் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மனுஷங்களைக் கண்டா ஓடுற குட்டி. இது ஏன் இப்படி வந்துச்சு?" என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் சமையலறைக்கு இறங்கினேன்.

நங்கூரம் போட்டுக் கிடந்த மூன்று நாளும் அவர் தூங்கும் நேரம் பார்த்து, சமையலறை ஜன்னல் வழியே அதற்கு மீன் தலைகளைப் போட்டேன். முதல் நாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒரு வாளி.