மெத்தென்றிருப்பது யார்?

மலையூர் வீடு ஒன்றில் தரை முழுவதும் மரப்பலகை. பலகைக்குக் கீழே வெற்றிடம். அதில் எப்போதும் காற்று ஓடும். பலகைமேல் ஒரு கம்பளி அடிவிரிப்பு, அதன்மேல் சிவப்புக் கம்பளம்.

வருகிறவர்கள் எல்லாம், "அடடா, என்ன மெத்தென்று இருக்கிறது!" என்று குனிந்து கம்பளத்தைத் தடவுவார்கள். அந்த மென்மை தன்னுடையதல்ல, அடிவிரிப்பினுடையது என்பது கம்பளத்துக்குத் தெரியும்.

"உள்ளுக்குள் சிரிக்கிறாய், இல்லையா?" என்று ஒருநாள் அடிவிரிப்பிடம் கேட்டேவிட்டது.

"நான் எதற்குச் சிரிக்கிறேன்? உன்னைத்தானே தடவுகிறார்கள்," என்றது அடிவிரிப்பு.

கம்பளத்துக்கு இன்னும் எரிந்தது. வெள்ளையடிப்பதற்காக இரண்டையும் சுருட்டிவைத்து, மறுபடி விரிக்க வந்தபோது, அது முந்திக்கொண்டு உருண்டு வெறும் பலகைமேல் படுத்துக்கொண்டது.

"அட பைத்தியமே, என் இடுக்குகளில் புழுதிக்காற்று வரும். அந்த அடிவிரிப்பையும் கூப்பிடு," என்றது பலகை.

"உனக்கும் அவன்தான் வேண்டுமோ?"

அடிவிரிப்பு நாய்க்குப் படுக்கையாகப் போனது. ஆறே மாதத்தில், பலகை இடுக்குகள் இருந்த இடமெல்லாம் கம்பளத்தின்மேல் கறுப்புக் கோடுகள் விழுந்தன. வீட்டுக்காரர் புதிதாக ஒரு நீலக் கம்பளம் வாங்கிவந்தார். "கீழே போட இந்தப் பழசு போதும்," என்றார்.

மறுநாள் வந்த விருந்தாளி, "என்ன மெத்தென்று இருக்கிறது!" என்று நீலக் கம்பளத்தைத் தடவினார்.

"உள்ளுக்குள் சிரிக்கிறாயா?" என்று அது கீழே பார்த்துக் கேட்டது.

"நான் எதற்குச் சிரிக்கிறேன்? உன்னைத்தானே தடவுகிறார்கள்," என்றது சிவப்புக் கம்பளம்.

சொல்லி முடித்த பிறகுதான், அன்று அடிவிரிப்பும் வயிறெரிந்துதான் அப்படிச் சொல்லியிருக்கும் என்று அதற்குத் தோன்றியது.