கேக்கில் பெயர் எழுதும் கை

"நாளைக்கு லீவு வேணும் சார். கைக்கு ஊசி போடணும்."

"என்ன ஊசி?"

கேக்கில் பெயர் எழுதுகிறவள் தயங்கினாள். "போடாக்ஸ் சார்."

கல்லாவில் இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். பேக்கரி முதலாளிக்குக் குரல் எகிறியது.

"அது சினிமாக்காரங்க சுருக்கம் போக மூஞ்சிக்குப் போடுறதும்மா! உனக்குக் கையில எதுக்கு? வளையல் விளம்பரத்துல நடிக்கப் போறியா?"

அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கை ட்ரே தூக்கும், மாவு பிசையும், சொன்னதையெல்லாம் செய்யும். கிரீம் கோனைப் பிடித்து முதல் எழுத்தை ஆரம்பித்தால் மட்டும் விரல்கள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். நேற்று யாருக்கோ எழுதிய 'வாழ்க', கேக்கை விட்டு இறங்கி அட்டை வரைக்கும் போய்விட்டது.

"விரல் தசை தானா இறுக்கிக்குது சார். ஊசி போட்டுத் தளர்த்தினா மறுபடி எழுத வரும்னு டாக்டர் சொல்றார். இல்லேன்னா என் பொழப்பே போயிடும்."

"சாப்பிடறப்போ இறுக்குதா? போன் நோண்டறப்போ? எழுதச் சொன்னா மட்டும் இறுக்குமாம், நல்ல நடிப்பு! என்னைப் பாரு. அறுபதைத் தொடப் போறேன். நெத்தியில ஒரு சுருக்கம் இருக்கா? மனசு சுத்தமா இருந்தா உடம்புக்கு ஒண்ணும் வராது."

சுருக்கம் இல்லைதான். எவ்வளவு கத்தினாலும் அந்த நெற்றி ஐசிங் பூசிய கேக் மாதிரி மழமழவென்றே இருக்கும்.

"நம்ம முதலாளி மனசு அப்படி" என்று உருகினாள் கல்லாப் பெண்.

"லீவெல்லாம் கிடையாது. காலையில போட்டுட்டு நேரா வேலைக்கு வா. முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பார்த்துக்கறேன்."

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவள் அவசரமாகத் தலையாட்டினாள்.

"வந்துடறேன் சார். உடனே எழுத வராது, பலன் தெரியக் கொஞ்ச நாள் ஆகும். நாளைக்கு அடுப்புக்கிட்ட குனிஞ்சு ட்ரே எடுக்கிற வேலையைப் பார்க்கறேன்."

"குனியறதா? அறிவிருக்கா உனக்கு!" முதலாளி பதறிப்போனார். "போட்ட அன்னிக்குக் குனியவே கூடாது! உடனே படுக்கவும் கூடாது. மருந்து கீழ இறங்கி, கண் இமை தொங்கிப் போயிடும்!"

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கையில போட்டா இமை எப்படி சார் தொங்கும்?"

கல்லாப் பெண்ணின் பார்வை முதலாளியின் நெற்றியிலேயே நின்றது.

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புருவத்தை நெரிக்கப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"ரெண்டு நாளாவே எடுத்துக்கம்மா" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.