இருபது லிட்டர் ஓவன்

நான்காவது கடை. என் கால்கள் இரண்டாவது கடையிலேயே கழன்றுவிட்டன.

கண்ணாடிக் கதவு போட்ட ஓவன்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மூஞ்சி. விலைச்சீட்டு மட்டும் வேறு வேறு.

மனைவி ஒவ்வொன்றாகத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். விற்பனைக்காரர் இரண்டடி பின்னாலேயே வந்தார். அவர் வாய் ஓயவில்லை. எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டினாள். ஒன்றும் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக என் பேச்சுக்கும் அதே தலையாட்டல்தான்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஓவன் இருக்கிறது. ஓவன் என்பதைவிட அலமாரி என்று சொல்லலாம். நகர்த்த நான்கு ஆள் வேண்டும். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கல்யாணமான புதிதில் வாங்கியது. கடையில் அவள் உங்க இஷ்டம் என்றாள். நான் உன் இஷ்டம் என்றேன். அதன் முன்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிடித்துவிட்டது போல என்று நான் விலை கேட்டேன். நான் விலை கேட்டதால் எனக்குத்தான் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சோபாவும் அப்படி வந்ததுதான். சுவருக்கு அடித்த வண்ணமும். மகளைச் சேர்த்த பள்ளிக்கூடமும்.

போன மாதம் சாமான்களை ஒழிக்கும்போதுதான் இந்த ஓவன் கதை வெளியே வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் அதன் முன்னால் நின்றோம்.

அதனால் இன்றைக்கு ஒரு நிபந்தனை. காலையில் செருப்பு மாட்டும்போதே சொல்லிவிட்டாள்.

“மனசுல பட்டதைச் சொல்லுங்க. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

இந்த ஒரு பொருளாவது அவளுக்குப் பிடித்ததாக அமைய வேண்டும். இதிலும் கோட்டை விட்டால் நான் மனுஷனே இல்லை.

ஆகவே வாயைத் திறந்தேன். தரையில் நிற்கிற மாதிரி வேண்டாம், உன் முழங்காலுக்குக் குனிய ஆகாது, மேடைமேல் வைக்கிறதாகப் பார் என்றேன். தொடுதிரை வேண்டாம், மாவுக் கையால் தொட்டால் அது கேட்காது, திருகுகிற குமிழ்தான் உனக்குச் சரி என்றேன். பழைய ஓவனின் கதவு கீழ்நோக்கித் திறக்கும். அவள் முன்கையில் மூன்று தழும்புகள் அதனால் வந்தவை. பக்கவாட்டில் திறப்பது இருக்கிறதா என்று விற்பனைக்காரரிடம் நானே கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவும் இந்த ஆளுக்குத் தெரியுமா என்கிற பார்வை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் எத்தனை பேர் என்று விற்பனைக்காரர் கேட்டார். அவள் ஒரு தட்டை உருவிப் பார்த்தாள். நான் விலைச்சீட்டைப் படித்தேன்.

கடைசியில் மூலையில் இருந்த ஒன்றின் மேல் கை வைத்தாள். இருபது லிட்டர். ஒரு ரொட்டி வேகும், அவ்வளவுதான். பக்கவாட்டில் திறந்தது. குமிழைத் திருப்பி விட்டாள். மணி டிங் என்று அடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இதுதான், இதையே எடு என்றேன். அவளும் மறுபேச்சு பேசவில்லை.

இந்த வாரத்தில் சண்டை போடாமல் வாங்கிய ஜோடி நீங்கள்தான் என்று விற்பனைக்காரர் பாராட்டினார். ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சிரித்துவைத்தோம்.

எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று பேனாவை எடுத்தார். பழக்க தோஷம், எங்கள் கதவு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினாள்.

“அது இல்லைங்க, நான் சொல்றேன். மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.”

தெருப் பெயரை அவள் சொன்னபோது நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து அவள் அங்கேதான் இருக்கப்போகிறாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி.

விற்பனைக்காரர் முகவரியை ஒருமுறை படித்துக்காட்டி, சரிதானே என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால், பிரிந்து இருந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டும் இதே மாதிரிதான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு உன் இஷ்டம் என்று சொன்னேன்.