சார்ட்டுக்கு முன்னால்

அப்பா யூனிபார்மிலேயே வந்துவிட்டார்.

வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினார். வேறு யாருடைய அப்பாவும் கழற்றவில்லை.

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெற்றோர் யாரும் வர வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் எல்லார் போனுக்கும் மெசேஜ் அனுப்பித் தொலைத்திருக்கிறது.

இன்று இங்கிலீஷ் டே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு உவமையைச் சொந்தமாக எழுதி, அது சார்ட்டில் ஏறிச் சுவருக்கு வந்திருந்தது. எழுதியவர் சார்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்பா அம்மா வந்தால் முதலில் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும்.

சொந்தமாக என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். என் அப்பா மலையைப் போன்றவர். என் அம்மா நிலவைப் போன்றவள். சுவர் நெடுக மலையும் நிலவும்தான்.

அவள் ஒருத்திதான் டீச்சர் சொன்னதை நம்பிச் சொந்தமாக எழுதினாள்.

என் அப்பா கேட்டில் நிற்கிறார், நாயைப் போல.

வகுப்பில் பயிற்சிக்காக எழுதியது. சுவருக்கு வரும் என்று யார் கண்டது?

அதை எழுதிய அன்று காலையில் ஸ்கூல் வேன், கூடப் படிக்கும் ஹரிணியை ஏற்றிக்கொள்ள, அப்பா வாட்ச்மேனாக இருக்கும் அபார்ட்மெண்ட் வாசலில் நின்றது. உள்ளேயிருந்து ஒரு கார் வந்தது. அப்பா ஓடிப்போய் கேட்டைத் திறந்தார். கார் தெருமுனை திரும்பிய பிறகும் சல்யூட்டிலேயே நின்றார். வேனில் இரண்டு பையன்கள் அதே மாதிரி நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அது யாருடைய அப்பா என்று அவர்களுக்குத் தெரியாது.

அவள் சொல்லவில்லை. மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஆத்திரம் முதல் பீரியடில் பேனா வழியாக இறங்கிவிட்டது.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். விசுவாசத்தைத்தான் சொல்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். பெரிய எழுத்தில் தன் கையாலேயே எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டினார்.

அவள் விசுவாசத்தை நினைத்து எழுதவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சார்ட்டை நேற்றே வகுப்பு முழுவதும் படித்துவிட்டது. யூனிபார்மை இன்றுதான் பார்க்கிறார்கள்.

அப்பா யார் மேலும் இடித்துவிடாமல், சுவரோரமாகவே நடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நீ எழுதினதா பாப்பா? படிச்சுக் காட்டு.”

கடகடவென்று வாசித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அப்படின்னா?”

“எங்க அப்பா கேட்டுல சிங்கம் மாதிரி நிப்பாருன்னு அர்த்தம்.”

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். சார்ட்டை நெருங்கி, முதல் வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தார். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர். ஆங்கிலம் என்றால் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். விரல் ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தது. ஃபாதரில் தலையாட்டினார். கேட்டிலும் தலையாட்டினார்.

கடைசி வார்த்தையில் விரல் நின்றது.

அபார்ட்மெண்ட் புல்தரையில் ஒரு போர்டு இருக்கிறது. நாய்களை இங்கே விடக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, மேலே ஒரு நாய்ப் படமும் போட்டிருக்கும். தினமும் காலையில் அதை ஈரத்துணியால் துடைப்பவர் அப்பாதான்.

அவளுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்பா விரலை எடுத்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

“நல்லாருக்கு பாப்பா,” என்றார்.

பளாரென்று ஓர் அறை விட்டிருக்கலாம். அவளுக்கு அது எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“அட, மாசிலாமணி! உன் பொண்ணும் இங்கதான் படிக்குதா?”

ஹரிணியின் அப்பா. மூன்றாவது மாடி சார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சார்ட்டைப் பார்க்க வந்தார்.

அப்பாவின் கை தன்போக்கில் நெற்றிக்குக் கிளம்பியது. பாதியிலேயே இறங்கியது.

அவர் இரண்டடி நகர்ந்து சார்ட்டை மறைத்தாற்போல நின்றுகொண்டார். முதுகு சுவரில் ஒட்டியிருந்தது.

“என்னையச் சிங்கம்னு எழுதியிருக்கு சார்.”

“அப்படியா? எங்கே, தள்ளு, பாப்போம்.”

அப்பா தள்ளவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார். அந்த சார் சொல்லி அவர் கேட்காமல் நிற்பதை அவள் பார்த்ததே இல்லை.

சார் ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த சார்ட்டுக்குப் போனார்.

யார் யாரோ வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அப்பாவே அர்த்தம் சொன்னார். சொன்னது ஒரே அர்த்தம்தான். அவள் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழக்கூட வெட்கமாக இருந்தது.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“வேணாம் மேடம். நின்னே பழகிருச்சு.”

கடைசிக் குடும்பமும் படியிறங்கிப் போகும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.